இரண்டு குச்சிகளுக்கு நடுவே

இங்கிலாந்து நாட்டின் தலைசிறந்த பறவை நோக்கர் நெதர்கூம் கிராமத்தில், தபால் பெட்டிக்கு எதிர் வீட்டில் வசித்துவந்தார். பெயர் ஜெத்ரோ பாஸ்க். வயது பத்தேமுக்கால்.

இதைச் சொன்னது ஜெத்ரோதான். இந்த விஷயத்தில் அவனளவுக்கு விவரம் தெரிந்தவர்கள் ஊரில் வேறு யாரும் இல்லாததால், ஒருவரும் மறுத்துப் பேசவில்லை.

ஆதாரமும் இருந்தது. பள்ளியில் ஆண்டுதோறும் வசந்தக் கணக்கெடுப்பு நடக்கும். மார்ச் முதல் தேதியிலிருந்து மே கடைசி வரை யார் எத்தனை வகைப் பறவைகளைப் பார்த்தார்கள் என்று ஆசிரியை மிஸ் ஓகில்வி வகுப்புச் சுவரில் ஒரு பெரிய அட்டையில் எழுதிவைப்பார். ஏப்ரல் பாதியிலேயே ஜெத்ரோவின் பெயருக்கு நேராக எழுபத்தொன்று என்று இருந்தது. அவனுக்கு அடுத்து வந்த பையனுக்கு முப்பத்தெட்டு.

உண்மையில் எழுபத்திரண்டு இருந்திருக்க வேண்டும். தேவாலயக் கோபுரத்தின் உச்சியில் ஜெத்ரோ கண்டுபிடித்த பொன்னிறக் கழுகு, காற்றடிக்கும் திசையைக் காட்டும் தகரச் சேவல் என்று சொல்லி மிஸ் ஓகில்வி அதை அட்டையிலிருந்து அடித்துவிட்டார். ஜெத்ரோ பெருந்தன்மையோடு விட்டுக்கொடுத்தான்.

அவனுடைய முறை எளிமையானது. ஒரு பறவைக்கு நான்கு விநாடி. பைனாகுலரைத் தூக்குவதற்கு ஒன்று, பார்ப்பதற்கு ஒன்று, எழுதுவதற்கு இரண்டு. பிறகு அடுத்த பறவை. பார்த்த பறவையை மறுபடி பார்ப்பது, கரைத்துக் குடித்த பாடத்துக்கு மறுபடி பரீட்சை எழுதுவதுபோல என்பது அவன் கருத்து.

அதே அட்டையில் கடைசி வரியில் ஹெட்டி லஸ்க் என்று ஒரு பெயர் இருந்தது. அதற்கு நேராக இருந்த எண், ஒன்று.

ஹெட்டி அவன் வகுப்புதான். அவள் அப்பாவுக்குக் கிராமத்தின் எல்லையில் வயல்கள் இருந்தன. பள்ளி விட்டதும் அவள் பார்லி வயலின் மரக் கேட்டில் ஏறி உட்கார்ந்துகொள்வாள். இருட்டும்வரை ஒரே ஒரு ஆள்காட்டிக் குருவியைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஒரு புதன்கிழமை மாலை ஜெத்ரோ அந்த வழியாக வந்தான்.

“இன்னிக்கு என்ன புதுசு?” என்று கேட்டான்.

“புதுசா ஒண்ணும் இல்ல.”

“அதே ஆள்காட்டியா?”

“அதே ஆள்காட்டிதான். நேத்து மேற்கப் பாத்து உக்காந்திருந்துச்சு. இன்னிக்குக் கிழக்கப் பாத்து உக்காந்திருக்கு.”

ஜெத்ரோ சிரித்த சிரிப்பில் புதர்வேலியிலிருந்து இரண்டு குருவிகள் பறந்தோடின. இரண்டும் அவன் பட்டியலில் ஏற்கனவே இருந்தவை. ஆகவே அவனுக்கு நஷ்டமில்லை.

“நீ பறவை பாக்கல ஹெட்டி. பறவைதான் உன்னப் பாத்துட்டிருக்கு. ‘தினமும் இந்தப் பொண்ணுதான் வருது, இந்த ஊர்ல வேற பொண்ணே இல்லையா’ன்னு அதுக்கே அலுத்துப்போயிருக்கும்.”

“கத்தாத. அது முட்டைமேல உக்காந்திருக்கு.”

ஜெத்ரோ பைனாகுலரைத் தூக்கினான். முளைத்து விரல் நீளமே வளர்ந்திருந்த பார்லிக்கு நடுவே, வெறும் மண்ணில், அது உட்கார்ந்திருந்தது. கறுப்பும் வெள்ளையுமாக உடம்பு. வெயில் பட்டால் முதுகில் பச்சை மின்னியது. தலையில் மெல்லிய கொண்டை ஒன்று காற்றில் ஆடியது. கூடு என்று சொல்ல ஒன்றும் இல்லை. தரையில் ஒரு சின்னக் குழி, அவ்வளவுதான்.

நான்கு விநாடி முடிந்தது. அவன் பைனாகுலரை இறக்கினான்.

“அந்தக் குச்சி எதுக்கு?”

வயலில் இரண்டு மூங்கில் குச்சிகள் நின்றன. பறவைக்கு இந்தப் பக்கம் பத்தடி தள்ளி ஒன்று, அந்தப் பக்கம் பத்தடி தள்ளி ஒன்று. ஒவ்வொன்றின் தலையிலும் ஹெட்டியின் அண்ணன் போட்டுத் தேய்ந்த சிவப்புக் காலுறை கட்டியிருந்தது.

“நாளைக்கு அப்பா உருளை ஓட்டறார்” என்றாள் ஹெட்டி. “டிராக்டர்ல உக்காந்தா முட்டை கண்ணுக்கே தெரியாது. மண்ணு நிறத்துலயே இருக்கும். குச்சி நட்டா ரெண்டுக்கும் நடுவுல ஓட்டாம சுத்திப் போயிடுவேன்னு சொல்லியிருக்கார்.”

முளைத்த வயலில் கற்களை அமுக்கி மண்ணை இறுக்குவதற்காக, டிராக்டருக்குப் பின்னால் பெரிய இரும்பு உருளையைக் கட்டி இழுப்பார்கள். அதற்கு முன்னால் எந்த முட்டையும் நிற்காது.

ஹெட்டி கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள். “ஜெத்ரோ, ஒரு உதவி செய்வியா? நான் இப்போ பல் டாக்டர்கிட்ட போகணும். ஒரு மணி நேரம் இங்க இருக்கியா? நாயைக் கூட்டிட்டு நடக்க வர்றவங்க கயித்த அவுத்துவிட்டுர்றாங்க. நாய் வயலுக்குள்ள போகாம பாத்துக்கிட்டா போதும்.”

வயலின் ஓரத்தை ஒட்டியே ஊர்ப்பொதுப் பாதை போகிறது. யார் வேண்டுமானாலும் நடக்கலாம்.

“என்கிட்டயா சொல்ற?” என்றான் ஜெத்ரோ. “அந்தப் பறவை இன்னிக்குத்தான் நிம்மதியா உக்காரப்போகுது.”

ஹெட்டி போனாள். ஜெத்ரோ கேட்டில் ஏறி உட்கார்ந்தான்.

முதல் நிமிடம் நன்றாகக் கழிந்தது. இரண்டாவது நிமிடத்தில் பறவை கண்ணைச் சிமிட்டியது. ஐந்தாவது நிமிடத்தில், இந்த நாட்டில் வசந்தம் ஏன் இவ்வளவு நீளமாக இருக்கிறது என்று ஜெத்ரோ யோசிக்கத் தொடங்கினான். நாய் ஒன்றும் வரவில்லை.

எட்டாவது நிமிடத்தில் அவனுக்குப் பையில் இருந்த கேமராவின் நினைவு வந்தது.

மாவட்ட இயற்கைக் கழகம் சிறுவர்களுக்குப் புகைப்படப் போட்டி வைத்திருந்தது. வென்ற படம் கழக இதழின் அட்டையில் வரும். ஜெத்ரோவிடம் இருநூறு படங்கள் இருந்தன. இருநூறிலும், பறவை இப்போதுதான் கிளம்பிப்போன கிளை மிகத் தெளிவாக விழுந்திருந்தது.

பறந்து போகவே முடியாத ஒன்று இதோ இருக்கிறது. முட்டை.

“ரெண்டே நிமிஷம்” என்று அவன் கேட்டைத் தாண்டிக் குதித்தான்.

பாதி தூரம் போவதற்குள் ஆள்காட்டி எழுந்து பறந்தது. “பீ-விட்! பீ-விட்!” என்று கத்திக்கொண்டு தலைக்கு மேல் சுற்றியது. எங்கிருந்தோ அதன் ஜோடியும் வந்து சேர்ந்துகொண்டது. ஜெத்ரோ போய்க் குனிந்து பார்த்தான். நான்கு முட்டைகள், கூர்முனைகள் உள்ளே பார்க்க, நான்கு பேர் தலையை ஒன்றாக வைத்து ரகசியம் பேசுவதுபோல இருந்தன.

அவன் குப்புறப் படுத்துக் கேமராவில் பார்த்தான். முன்னால் முட்டைகள். பின்னால் தேவாலயக் கோபுரம். அட்டைப்படமேதான். ஆனால் சரியாகக் கோபுரத்துக்கு நேராக மூங்கில் குச்சி நின்றது. பார்த்தால் கோபுரமே சிவப்புக் காலுறை மாட்டிக்கொண்டு நிற்பதுபோல இருந்தது.

ஜெத்ரோ எழுந்துபோய்க் குச்சியைப் பிடுங்கினான். படம் எடுத்தான். இன்னொரு பக்கம் போய், வேலியோரம் பூத்திருந்த வெள்ளைப் பூமரம் பின்னால் தெரியும்படி இன்னொரு படம் எடுக்கலாம் என்று தோன்றியது. அங்கே இரண்டாவது குச்சி இடைஞ்சலாக இருந்தது. அதையும் பிடுங்கினான்.

படம் எடுத்து முடித்த அதே நொடியில் ஆள்காட்டி அவன் தொப்பியை உரசிக்கொண்டு போனது. அடுத்தது அதன் ஜோடி. ஜெத்ரோ குச்சிகளை அள்ளிக்கொண்டு, ஒரு கையால் தலையைப் பொத்தியபடி ஓடினான். இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம். ஒருவழியாக நின்று திரும்பிப் பார்த்தான்.

மண். எங்கு பார்த்தாலும் மண்.

முட்டையைக் காணோம். ஒவ்வொரு மண்ணாங்கட்டியும் முட்டைபோலத் தெரிந்தது. தேடி நடக்கலாமென்றால் காலை எங்கே வைப்பது என்று பயமாக இருந்தது. குச்சி இருந்த குழியை வெகுநேரம் தேடினான். புழு துளைத்த குழி, எலி தோண்டிய குழி என்று வயல் முழுக்கக் குழிகள் இருந்தன.

அப்போது சாலையில் ஹெட்டி அம்மாவின் கார் சத்தம் கேட்டது.

ஜெத்ரோ அவசரமாக இரண்டு குச்சிகளையும் நட்டான். இங்கேதான். கிட்டத்தட்ட.

அவன் கேட்டுக்கு ஓடிவந்து சேரவும் ஹெட்டி காரை விட்டு இறங்கவும் சரியாக இருந்தது. அவளுடைய ஒரு கன்னம் மரத்துப்போய் வாய் கோணியிருந்தது.

“ஏன் ரெண்டும் பறக்குது?” என்று பாதி வாயால் கேட்டாள்.

“நாய் ஒண்ணு வந்துச்சு” என்றான் ஜெத்ரோ. “விரட்டிட்டேன்.”

ஹெட்டி வயலைப் பார்த்தாள். குச்சிகள் இரண்டும் நின்றன. அவள் முகம் தெளிந்தது.

“நன்றிடா” என்றாள். கோணல் வாயில் அது ‘நந்திடா’ என்று வந்தது. வேறு எந்த நாளாக இருந்தாலும் ஜெத்ரோ அதை வைத்து ஒரு வாரம் சிரித்திருப்பான்.

“ஹெட்டி, வா! மருந்து போடணும்!” என்று அவள் அம்மா கூப்பிட்டார். கார் போய்விட்டது.

அன்று மாலை ஜெத்ரோ தன்னிடமே பலமுறை சொல்லிக்கொண்டான். குச்சி சரியான இடத்தில்தான் இருக்கும். கிட்டத்தட்ட. ஹெட்டி வீடு எட்டு நிமிட நடை. டெலிபோன் கூடத்திலேயே இருந்தது. அவன் மீன் வறுவலைச் சாப்பிட்டான், உருளைக்கிழங்கைச் சாப்பிட்டான், தங்கைக்கு வைத்திருந்த புட்டிங்கையும் சாப்பிட்டான். சொல்ல மட்டும் வாய் திறக்கவில்லை.

காலையில் டிராக்டர் சத்தத்தில் கண் விழித்தான். மணி ஆறரை. மழை வருவதற்குள் முடித்துவிட மிஸ்டர் லஸ்க் சீக்கிரமே தொடங்கியிருந்தார்.

ஜெத்ரோ இரவு உடையோடு ரப்பர் பூட்ஸைக் கால் மாற்றி மாட்டிக்கொண்டு ஓடினான். ஓடும்போதே சத்தம் நின்றது. அதற்காக அவன் சந்தோஷப்பட்டான். பாதி வழியில்தான், வேலை முடிந்தாலும் டிராக்டர் சத்தம் நிற்கும் என்று உறைத்தது.

மிஸ்டர் லஸ்க் கேட்டருகே நின்று தெர்மாஸில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஹெட்டி, வீங்கிய கன்னத்தோடு. வயல் முழுவதும் மேசைபோலச் சமமாக இருந்தது. நடுவில் இரண்டு சிவப்புக் காலுறைகள். அவற்றுக்கு நடுவே மட்டும் உருளை படாத ஒரு சின்னத் தீவு.

“வாப்பா ஜெத்ரோ! பாத்தியா வேலைய?” என்றார் மிஸ்டர் லஸ்க். “ஒரு அடி உள்ள போகல. என் வீட்டுப் பூந்தோட்டத்துலகூட நான் இவ்வளவு பதவிசா நடந்ததில்ல. ஹெட்டி அம்மாகிட்ட கேட்டுப் பாரு.”

ஹெட்டி பைனாகுலரில் பார்த்துக்கொண்டிருந்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

“அப்பா, அது அங்க இல்ல.”

“வரும் வரும். சத்தத்துக்குப் பயந்திருக்கும்.”

“வந்துடுச்சு. ஆனா குச்சிக்கிட்ட போகல. அங்க தள்ளி நிக்குது.”

ஆள்காட்டி, உருளை ஓடிய சமமான மண்ணின் மேல் நின்றிருந்தது. இரண்டடி நடந்தது. குனிந்து பார்த்தது. திரும்பி வந்தது. மறுபடியும் குனிந்து பார்த்தது. அது கத்தவே இல்லை.

மூவரும் வயலுக்குள் போனார்கள். தீவுக்குள் பார்லி முளை இருந்தது. ஒரு கூழாங்கல் இருந்தது. வேறெதுவும் இல்லை.

ஹெட்டி மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டாள். “காக்காதான் எடுத்திருக்கும். நான் குச்சி நட்டேன்ல, அதப் பாத்துக் கண்டுபிடிச்சிருக்கும். என்னாலதான்.”

“அப்படியெல்லாம் இல்லம்மா” என்றார் மிஸ்டர் லஸ்க்.

“என்னாலதாம்ப்பா. இனிமே நான் எங்கயும் குச்சி நட மாட்டேன்.”

இங்கே ஜெத்ரோ பேசாமல் இருந்திருக்கலாம். காகம் வசதியாக மாட்டியிருந்தது. அதுவும் தன் பக்கத்து நியாயத்தைச் சொல்ல வரப்போவதில்லை. ஆனால் ஹெட்டி இரண்டு குச்சிகளையும் பிடுங்கி முழங்காலில் வைத்து முறிக்கப்போனாள். அதை அவனால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

“காக்கா இல்ல” என்றான். “நான்தான்.”

இருவரும் அவனைப் பார்த்தார்கள்.

“போட்டோ எடுக்க... குச்சி மறைச்சுது. பிடுங்கிட்டேன். திருப்பி நட்டேன். ஆனா எங்கன்னு தெரியல. நாய் எதுவும் வரல.”

மிஸ்டர் லஸ்க் தொப்பியைக் கழற்றினார். “நான் குச்சிய நம்பித்தானே ஓட்டினேன்” என்றார் மெதுவாக.

“கேமரா எங்க?” என்றாள் ஹெட்டி.

ஜெத்ரோ ஓடிப்போய் எடுத்துவந்தான். ஹெட்டி இரண்டு படங்களையும் பார்த்தாள். ஒன்றில் முட்டைகளுக்கு நேராகக் கோபுரம். இன்னொன்றில் வெள்ளைப் பூமரம். அவள் கோபுரத்துக்கும் மரத்துக்கும் நேராக வரும்வரை நகர்ந்து நகர்ந்து, ஓரிடத்தில் நின்றாள். குச்சிகள் நின்ற இடத்திலிருந்து முப்பது அடி தூரம். அந்த இடம் மற்ற இடங்களைப் போலவே வழுவழுப்பாக இருந்தது.

பிறகு கேமராவை அவன் கையில் கொடுத்தாள்.

“நல்லா வந்திருக்கு போட்டோ” என்றாள்.

அவள் திட்டியிருக்கலாம். நாலு அடி அடித்திருக்கலாம். ஜெத்ரோ அதற்காகக் காத்துக்கொண்டுகூட நின்றான். அவள் வீட்டுக்குப் போய்விட்டாள்.

அதன் பிறகு கேட்டில் யாரும் உட்காரவில்லை. வகுப்பில் ஹெட்டி ஜன்னல் பக்கம் இடம் மாற்றிக்கொண்டாள். ஜெத்ரோ போட்டிக்குப் படம் அனுப்பவில்லை. மன்னிப்புக் கேட்டு மூன்று கடிதங்கள் எழுதினான். முதலாவது நீளமாக இருந்தது. இரண்டாவதில் ‘ஆனால்’ என்ற சொல் ஆறு முறை வந்தது. மூன்றாவதில் ‘மன்னிச்சுடு’ என்று மட்டும் இருந்தது. அதை அவள் மேசையில் வைத்தான். அவள் படித்துவிட்டு, மடித்துப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள். பேசவில்லை.

பத்து நாள் கழித்து ஜெத்ரோ அந்தப் பக்கமாகப் போனபோது பக்கத்து வயலில் “பீ-விட்” என்று கேட்டது.

அதே ஜோடியா என்று அவனுக்குத் தெரியவில்லை. நான்கு விநாடி பார்த்துவிட்டுப் போகிறவனுக்கு எப்படித் தெரியும்? முதல் முட்டைகள் போய்விட்டால் ஆள்காட்டி இன்னொரு முறை முட்டையிடும் என்று மட்டும் புத்தகத்தில் படித்திருந்தான்.

வேலியோரமாக வந்த மிஸ்டர் லஸ்க்கிடம் கேட்டான். “இந்த வயல்ல என்ன போடப்போறீங்க?”

“மக்காச்சோளம். வர்ற சனிக்கிழமை விதைக்கணும்” என்றவர் வானத்தைப் பார்த்தார். பறவை சுற்றிக்கொண்டிருந்தது. “எனக்கு எங்க சுத்தி ஓட்டணும்னு சொன்னா சுத்தி ஓட்டுவேன். சொல்றவதான் வீட்ட விட்டு வெளிய வரமாட்டேங்கறா.”

சனிக்கிழமைக்கு ஆறு நாள் இருந்தது.

உள்ளே போய்த் தேடினால் காகங்கள் பின்னாலேயே வந்து பார்க்கும். ஒரே வழிதான். வெளியே அந்த வயலின் கேட்டில் உட்கார்ந்து, பறவை தானாகக் கூட்டுக்குப் போகும்வரை பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இங்கிலாந்தின் தலைசிறந்த பறவை நோக்கருக்கு அந்தக் கலை அறவே தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை இருபது நிமிடம் தாக்குப்பிடித்தான். ஒரு வானம்பாடி வந்தது. அதைப் பார்க்கத் திரும்பினான். திரும்பி வருவதற்குள் ஆள்காட்டியைக் காணோம்.

திங்கள்கிழமை ஒரு மணி நேரம். பறவை தரையில் இறங்கி ஓரிடத்தில் நின்றது. ‘இதுதான்’ என்று எழுதினான். அது அங்கிருந்து நடந்து வேறிடத்தில் நின்றது. ‘இதுதான்’ என்று எழுதினான். ஏழு ‘இதுதான்’ ஆனபிறகு பென்சிலை வைத்துவிட்டான். கூட்டுக்கு நேராக இறங்கும் வழக்கம் அதற்கு இல்லை. தூரமாக இறங்கி, சும்மா உலாவ வந்ததுபோல நடந்து, யாரும் பார்க்கவில்லை என்று உறுதியான பிறகுதான் போகும்.

செவ்வாய்க்கிழமை மழை. பாலாடைக்கட்டி சாண்ட்விச் ஊறிப்போய்ச் சூப்பாகிவிட்டது. குடித்தான்.

புதன்கிழமை, ஆள்காட்டியின் கொண்டை அதன் ஜோடியுடையதைவிட நீளமாக இருப்பதையும் வலது இறக்கையில் ஒரு இறகு குறைவதையும் கவனித்தான். அவன் தன் கேமராவை எடுத்துப் பார்த்தான். கடைசியில் ஒரு படம் இருந்தது. அன்று அது தலைக்கு மேல் பறந்தபோது தவறுதலாக அமுக்கிய படம். அதிலும் வலது இறக்கையில் ஒரு இறகு இல்லை.

அதே ஆள்காட்டிதான்.

ஜெத்ரோ கேமராவைப் பைக்குள் வைத்து, பையை முதுகுக்குப் பின்னால் தள்ளினான்.

வியாழக்கிழமை ஐந்தே முக்காலுக்கு அது நடந்து வந்தது, நின்றது, சுற்றிலும் பார்த்தது. பிறகு மார்பைத் தரையில் தாழ்த்தி, இடமும் வலமுமாக அசைந்து அசைந்து உட்கார்ந்தது. ஜெத்ரோ மூச்சு விடவில்லை. வெள்ளிக்கிழமை அதே இடத்தில் இரண்டு முறை உட்கார்ந்தது. தூரத்து மின்கோபுரத்தின் இடது காலுக்கும் வேலியில் சாய்ந்த கம்பத்துக்கும் நேராக.

அவன் கேட்டைத் தாண்டவில்லை. நேராக ஹெட்டி வீட்டுக்குப் போனான்.

ஹெட்டி கதவைத் திறந்து பாதியில் பிடித்துக்கொண்டாள். ஜெத்ரோ நோட்டுப் புத்தகத்தை நீட்டினான். பக்கம் பக்கமாக ஆறு நாள். ஒரே பறவை.

“மக்காச்சோள வயல். நாளைக்கு விதைக்கிறார்” என்றான். “எங்கன்னு தெரியும். நான் உள்ள போகல. நீ வந்து நடு.”

அவள் பக்கங்களைப் புரட்டினாள். “இது என்ன ஏழு ‘இதுதான்’?”

“அது திங்கக்கிழமை. அப்போ எனக்கு எதுவும் தெரியாது.”

ஹெட்டியின் உதடு கொஞ்சம் அசைந்தது. சிரிப்பு என்று சொல்ல முடியாது. அவள் உள்ளே போய் இரண்டு குச்சிகளை எடுத்துவந்தாள்.

ஜெத்ரோ கேட்டின் மேல் ஏறி நின்று கையைக் காட்டினான். இடது. இன்னும் இடது. நேரா. நில்லு! ஹெட்டி குனிந்தாள். பிறகு நிமிர்ந்து அவனைப் பார்த்து விரல்களை உயர்த்திக் காட்டினாள். மூன்று.

குச்சிகளை நட்டுவிட்டுத் திரும்பி வந்தவள் கேட்டில் சாய்ந்தாள். பதினோரு நிமிடம் கழித்துப் பறவை வந்து உட்கார்ந்தது. குச்சிகளுக்குச் சரியாக நடுவே.

“போன தடவை நாலு” என்றாள் ஹெட்டி.

“ஆமா.”

“இப்போ மூணுதான்.”

“ஆமா” என்றான் ஜெத்ரோ.

சனிக்கிழமை மிஸ்டர் லஸ்க் விதைக்க வந்தார். டிராக்டரை விட்டு இறங்கி, குச்சிகளைப் பார்த்தார். பிறகு இருவரையும் பார்த்தார். “ரெண்டு பேரும் சத்தியம் பண்ணுங்க, இது சரியான இடம்தானே?” “சத்தியமா” என்றாள் ஹெட்டி. ஜெத்ரோவும் தலையை ஆட்டினான். அவர் சுற்றி ஓட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, கேட்டருகே ஜெத்ரோவின் அப்பாவுடைய கார் வந்து கீச்சென்று நின்றது.

“ஏறுடா சீக்கிரம்! ஏரிக்கு மீன்பிடிக் கழுகு வந்திருக்காம்! நிஜக் கழுகு, தகரம் இல்ல! ஊரே அங்கதான் இருக்கு. மதியத்துக்குள்ள கிளம்பிடுமாம்!”

எழுபத்திரண்டாவது பறவை. ஜெத்ரோ கேட்டை விட்டு இறங்கியேவிட்டான். இறங்கிய பிறகுதான் இன்று ஞாயிற்றுக்கிழமை, நாயோடு நடக்கிறவர்கள் அதிகம் வரும் நாள் என்பது நினைவுக்கு வந்தது. பாதையில் அதற்குள்ளேயே இரண்டு நாய்கள் போய்விட்டிருந்தன.

“மீன்பிடிக் கழுகா?” என்றாள் ஹெட்டி. “நான் பாத்ததே இல்ல. கால முன்னால நீட்டி, தண்ணிக்குள்ள பாயுமாமே?”

ஜெத்ரோ காரைப் பார்த்தான். வயலைப் பார்த்தான். ஷூ நுனியால் ஒரு கல்லை உருட்டினான்.

“நீ போயிட்டு வா” என்றான். “நான் இங்க இருக்கேன்.”

ஹெட்டி அவனைப் பார்த்தாள். கேட்டருகே சாய்த்திருந்த அவன் பையைப் பார்த்தாள். ஜெத்ரோ அந்தப் பையை எடுத்து, கேமராவோடு சேர்த்து, காரின் பின் இருக்கையில் வைத்தான்.

“கேட்டைத் தாண்ட மாட்டேன்” என்றான்.

“தாண்டினா?”

“பறவைக்கு முன்னாடி நீயே என் தொப்பியைக் கொத்து.”

“கொத்துவேன்” என்றாள் ஹெட்டி. கார்க் கதவைத் திறந்து ஏறினாள். கண்ணாடியை இறக்கி, “பத்து மணிக்கு மேல மிஸஸ் டார்பி அந்தப் பழுப்பு நாயைக் கூட்டிட்டு வருவாங்க. அது பேச்சுக் கேக்காது. கெஞ்சாத, நேரா அவங்ககிட்டயே கயித்தப் போடச் சொல்லு” என்றாள்.

“சரி.”

“என்ன ஆச்சு இவனுக்கு?” என்று அப்பா ஹெட்டியிடம் கேட்டது, கார் கிளம்பும்போது காதில் விழுந்தது. “உடம்பு கிடம்பு சரியில்லையா?”

கார் திருப்பத்தில் மறைந்தது. பாதை அமைதியாயிற்று. ஆள்காட்டி எழுந்தது. மூன்று முட்டைகளையும் அலகால் மெல்லத் திருப்பி வைத்தது. மறுபடி உட்கார்ந்தது. ஜெத்ரோ கேட்டின் மேல்கட்டையில் தாடையை ஊன்றிக்கொண்டு, அது அடுத்த முறை எழுந்திருப்பதற்காகக் காத்திருந்தான்.